லூயி பிரெயில்: விரல் நுனிக்கு எழுத்து தந்தவர்

ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு பெரியவரின் வாழ்க்கையை இந்தப் பகுதியில் பார்த்து வருகிறோம். 2019 முதல் ஜனவரி 4ஆம் தேதி உலக பிரெயில் நாளாக ஐக்கிய நாடுகள் சபையால் கடைப்பிடிக்கப்படுகிறது. எனவே இந்த இதழில் லூயி பிரெயிலைப் பற்றிப் பார்க்கலாம். 2009இல் அவருடைய 200ஆவது பிறந்த ஆண்டுக்காக நம் அரசு ஒரு இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது. அது யார் முகம் என்று கவனிக்காமலேயே நம்மில் பலர் அதைச் செலவழித்திருப்போம்.

சேணப் பட்டறையில் ஒரு விபத்து

பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்று ஒரு சிற்றூர். பாரிஸிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நம் துறையூரிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் வார்களும் செய்து பிழைத்தார். அவருக்கும் மனைவி மோனிக்குக்கும் நான்கு பிள்ளைகள். கடைக்குட்டி லூயி 1809 ஜனவரி 4 அன்று பிறந்தான்.

லூயிக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பாவின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தான். தோலில் துளை போடும் குத்தூசி ஒன்றை எடுத்து, அப்பா செய்வதைப் போலவே செய்து பார்த்தான். ஊசி நழுவி ஒரு கண்ணில் பாய்ந்தது. கிருமித் தொற்றைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் இல்லாத காலம் அது. புண் சீழ் வைத்தது, தொற்று அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது.

அக்காலத்தில் பார்வை இழந்த ஏழைப் பிள்ளைகளில் பலருக்குப் பிச்சை எடுப்பதுதான் வாய்த்த வழி. லூயியின் பெற்றோர் மகனை அப்படி விடவில்லை. கைத்தடி கொடுத்து ஊருக்குள் தனியாக நடக்கப் பழக்கினார்கள், பட்டறையில் சிறு வேலைகள் கொடுத்தார்கள். ஊர்ப் பாதிரியார் பலூயி பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளியிலேயே மற்ற பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். காதால் கேட்டே வகுப்பில் நன்றாகப் படித்தான். ஆனால் மற்ற பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும்போதும் எழுதும்போதும் அவன் சும்மா இருக்க வேண்டியிருந்தது.

தூக்க முடியாத புத்தகங்கள்

1819 பிப்ரவரியில், பத்து வயதில், லூயி பாரிஸில் உள்ள பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தான். 1785இல் வாலன்டின் ஹவுய் என்பவர் தொடங்கிய பள்ளி அது. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் எழுத்துக் கல்வி கொடுக்க முடியும் என்று செய்து காட்டிய முன்னோடி அவர்.

ஹவுய் கண்ட முறை இதுதான். ஈரக் காகிதத்தைப் பெரிய எழுத்து அச்சுகளின் மேல் அழுத்தினால் எழுத்து மேடாக எழும்பி நிற்கும். காய்ந்த பிறகு விரலால் தடவி, இது ஏ, இது பி என்று கண்டுகொள்ளலாம். யோசனை நல்லதுதான், ஆனால் நடைமுறையில் சிக்கல்கள் இருந்தன. விரலுக்குத் தெரிய வேண்டும் என்றால் ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். தாள்களை முதுகோடு முதுகு ஒட்ட வேண்டும். அதனால் ஒரு சின்னப் பாடநூல்கூடச் சிறுவர்களால் தூக்க முடியாத எடைக்கு வந்துவிடும். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் முழுவதும் தடவி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்தப் பிள்ளைகளால் அப்படி எழுத முடியாது. வகுப்பில் கேட்டதைக் குறித்துக்கொள்ளவோ வீட்டுக்கு ஒரு கடிதம் போடவோ வழியில்லை.

பார்வை உள்ளவர்கள் தங்கள் கண்ணுக்குப் பழகிய வடிவத்தையே பெரிதாக்கி விரலுக்குக் கொடுத்தார்கள். பார்க்கிறவருக்கு அது எழுத்து. தடவுகிறவருக்கோ ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டிய புதிர். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம், கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

பன்னிரண்டு புள்ளி ஆறானது

1821இல், லூயிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, சார்ல்ஸ் பார்பியே என்பவர் ஒரு புதிய முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். முன்பு பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். கோடுகளுக்குப் பதிலாகக் காகிதத்தில் மேடாகக் குத்திய புள்ளிகளை அவர் பயன்படுத்தினார். ஒரு குறியில் அதிகபட்சம் பன்னிரண்டு புள்ளிகள். எழுதுவதற்கு ஒரு பலகையும் குத்தும் கூர்முனையும் போதும்.

புள்ளி விரலுக்கு நன்றாகத் தெரியும் என்பதைப் பிள்ளைகள் உடனே உணர்ந்தார்கள். ஆனால் பார்பியேயின் முறை எழுத்துக் கூட்டலைக் காட்டாமல் ஒலியை மட்டும் குறித்தது. நிறுத்தற்குறி கிடையாது, இசைக்குறியும் கிடையாது. பன்னிரண்டு புள்ளிகளும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. மேலும் கீழும் விரலை நகர்த்தித் தேட வேண்டியிருந்தது.

லூயி இதைத் திருத்த உட்கார்ந்தான். பகலில் வகுப்பு, இரவில் புள்ளி. விடுமுறைக்குக் கூவ்ரே போனாலும் பலகையும் காகிதமும் கூடவே போகும். 1824இல், பதினைந்து வயதில், அவன் முறை ஏறக்குறைய முழு வடிவம் பெற்றுவிட்டது. அவன் கண்ணை எந்த வகைக் கருவி பறித்ததோ, அதே போன்ற ஒரு கூர்முனையால்தான் இந்த எழுத்தையும் எழுத வேண்டும்.

அவன் செய்தது எளிமையானது. புள்ளிகளைப் பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறைத்தான். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இந்த ஆறில் சிலவற்றை எழுப்பி, சிலவற்றை விட்டால் 63 வெவ்வேறு குறிகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் விரல் நுனியின் ஒரு தொடுகைக்குள் அடங்கும். ஆறு என்ற எண்ணிக்கையை விரல்தான் முடிவு செய்தது.

குறிகளையும் ஒரு ஒழுங்கில் அமைத்தான். முதல் பத்து எழுத்துக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு 3ஆம் புள்ளி கூடும். அதற்கடுத்த வரிசைக்கு 3உம் 6உம் கூடும். முதல் பத்தைப் படித்தவருக்கு மீதி பாதி வந்துவிட்டது போல. எழுதுவதற்குச் சிறு சதுரத் துளைகள் உள்ள பலகைக்கு நடுவே காகிதத்தைச் செருகி, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் புள்ளிகள் எழும்பி நிற்கும். ஆக, படிப்பதோடு எழுதவும் முடிந்தது. தான் எழுதியதைத் தானே திரும்பப் படிக்கவும் முடிந்தது.

ஆசிரியராகவும் இசைக்கலைஞராகவும்

படித்து முடித்த லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். இலக்கணம், வரலாறு, கணக்கு, இசை என்று பல பாடங்கள் நடத்தினார். நல்ல ஆர்கன் இசைக்கலைஞர், பாரிஸ் தேவாலயங்களில் வாசித்தார். இசைக்குறிகளையும் அதே ஆறு புள்ளிகளில் எழுதும் வழியைக் கண்டார். இன்றும் உலகெங்கும் பார்வையற்ற இசைக்கலைஞர்கள் அவர் அமைத்த அடிப்படையில்தான் இசைக்குறிப்பு படிக்கிறார்கள்.

1829இல் தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். புள்ளி எழுத்தை அறிமுகப்படுத்தும் அந்த நூலே ஹவுயின் மேடெழுத்தில்தான் அச்சாயிற்று. அப்போது பள்ளியில் இருந்த அச்சு முறை அதுதான். முதல் வடிவத்தில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. மாணவர்களுக்குக் கோடு சிரமம் என்று கண்டு, 1837இல் வந்த திருத்திய பதிப்பில் கோடுகளை நீக்கிவிட்டார். பயன்படுத்துகிறவர்களிடம் கொடுத்துப் பார்த்து, அவர்கள் விரல் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது அவர் வழக்கம்.

அவர் செய்த இன்னொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. பார்வையற்ற பிள்ளை புள்ளியில் கடிதம் எழுதினால் ஊரில் இருக்கும் அம்மாவால் படிக்க முடியாதே? அதற்காக 1839இல் வேறொரு முறை செய்தார். சாதாரண எழுத்தின் வடிவத்தையே நெருக்கமான புள்ளிகளால் எழுதும் முறை அது. பார்வையுள்ளவர்கள் கண்ணால் படித்துக்கொள்ளலாம். அதைக் கையால் குத்துவது மெதுவான வேலையாக இருந்ததால், அதே பள்ளியில் படித்த, பார்வையற்றவரான ஃபூக்கோ என்ற நண்பர் அதற்கென ஒரு இயந்திரம் செய்தார். தட்டச்சு இயந்திரத்தின் மூதாதைகளில் அதுவும் ஒன்று. லூயியின் கவலை ஒரே ஒரு பக்கத்துக்கானது இல்லை. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் படிக்க வேண்டும் என்று நினைத்தார்.

எதிர்ப்பு

இவ்வளவு பயனுள்ள எழுத்தைப் பள்ளி உடனே ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. பழைய தலைமை ஆசிரியர் பினியே லூயிக்கு ஆதரவாக இருந்தார். 1840இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, துணையாக இருந்த துஃபோ அந்த இடத்துக்கு வந்தார். பார்வையற்றவர்கள் தனி எழுத்து வைத்துக்கொண்டால் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோவார்கள் என்பது துஃபோவின் எண்ணம். பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் புதிய எழுத்தைக் கற்பது சுமையாகவும் இருந்தது. மேடெழுத்தே போதும் என்று முடிவாயிற்று. பழைய நூல்கள் எரிக்கப்பட்டதாகவும், மாணவர்களிடமிருந்து எழுதும் பலகைகள் பறிக்கப்பட்டதாகவும் லூயியின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மாணவர்கள் விடவில்லை. கிடைத்த கூர்முனைகளை வைத்துக்கொண்டு மறைவாகப் புள்ளி எழுத்திலேயே குறிப்பெடுத்தார்கள், மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்லெண்ணம் உள்ள அதிகாரிகள் தங்களுக்கு எது வசதி என்று பார்த்தார்கள். படிக்க வேண்டியவர்களோ தங்களுக்கு எது முடியும் என்று காட்டினார்கள்.

பள்ளியின் துணைத் தலைவர் குவாதே இதைக் கவனித்து, துஃபோவின் மனதை மெல்ல மாற்றினார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா நடந்தது. வந்திருந்த பெரியவர்கள் முன்னிலையில் ஒரு மாணவர் புள்ளியில் எழுத, அறையில் இல்லாத இன்னொருவர் உள்ளே வந்து அதைத் தடவிப் படித்துக் காட்டினார். சந்தேகம் தீர்ந்தது.

லூயிக்கு இருபத்தாறு வயதிலேயே காசநோய் கண்டிருந்தது. அந்த வெற்றியை அனுபவிக்க அவருக்கு நீண்ட காலம் இல்லை. 1852 ஜனவரி 6 அன்று, 43ஆவது பிறந்த நாள் கழிந்த இரண்டாம் நாள் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854இல் பள்ளி அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது. 1952இல், இறந்து நூறாண்டு ஆனபோது, பிரான்ஸ் நாட்டின் பெருமக்கள் உறங்கும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டுபோனார்கள். அவர் கைகளை மட்டும் சொந்த ஊரான கூவ்ரேயிலேயே வைத்துக்கொண்டார்கள்.

தமிழுக்கு வந்த புள்ளிகள்

நம் பக்கத்தில் பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். திருச்சி புத்தூரில் பார்வைத்திறன் குறைந்த மாணவியருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளின் வகுப்பறைகளில் இன்று பிள்ளைகள் தடவிப் படிப்பது தமிழ் பிரெயில்.

ஆனால் தொடக்கத்தில் இந்தியாவில் பிரெயில் ஒன்றாக இல்லை. பகுதிக்கு ஒரு முறை, பள்ளிக்கு ஒரு முறை என்று இருந்தது. ஓரிடத்தில் படித்தவர் வேறிடத்தில் அச்சான நூலைப் படிக்க முடியாது. விடுதலைக்குப் பிறகு மத்தியக் கல்வி அமைச்சகமும் யுனெஸ்கோவும் இதைச் சீர்செய்ய முனைந்தன. தாமும் பார்வையற்றவரான லால் அத்வானி அமைச்சகத்தில் இருந்து இதற்காக உழைத்தார். (இவர் அரசியல் தலைவர் அத்வானி அல்லர்.) 1951இல் பாரதி பிரெயில் என்ற பொது முறை உருவாயிற்று. இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்குக் கூடியவரை ஒரே குறி. தமிழ் அகரத்துக்கும் ஆங்கில ஏ எழுத்துக்கும் 1ஆம் புள்ளி. நம் ககரத்துக்கும் ஆங்கிலக் கே எழுத்துக்கும் 1, 3 புள்ளிகள். கொ என்று எழுத நாம் அச்சில் முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் போடுகிறோம். பிரெயிலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்து.

இன்று கைப்பேசியில் அதே கேள்வி

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். அவர்களில் பலர் இன்று கைப்பேசியிலும் கணினியிலும் திரை வாசிப்பான் என்ற மென்பொருளால் படிக்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக வாசித்துக் காட்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற பெயரிலும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரிலும் இருக்கும். கணினிக்கு என்விடிஏ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதை 2006இல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு பார்வையற்ற இளைஞர்கள். லூயியைப் போலவே தங்கள் தேவைக்குத் தாங்களே கருவி செய்துகொண்டவர்கள். குரல் வேண்டாம், விரலால்தான் படிப்பேன் என்பவர்களுக்குக் கைப்பேசியோடு இணையும் பிரெயில் பட்டை இருக்கிறது. திரையில் உள்ள வரிக்கு ஏற்ப அதில் புள்ளிகள் தாமாக எழும்பித் தாழும்.

இவை எல்லாம் வேலை செய்ய ஒன்றே ஒன்று வேண்டும். வந்த செய்தி உண்மையான எழுத்தாக இருக்க வேண்டும். கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் நமக்கு அது எழுத்து. திரை வாசிப்பானுக்கு அது வெறும் படம். ஸ்கேன் செய்த பிடிஎப் கோப்பும் அப்படித்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் வந்திருக்கின்றன. ஆனால் கையெழுத்திலும் மங்கலான படத்திலும் அட்டவணையிலும் அவை தடுமாறும். தொகையோ தேதியோ மாறிப்போனால் கேட்பவருக்குத் தெரியாது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். தமிழ் என்ற சொல்லையே திரை வாசிப்பான் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பல ஜெராக்ஸ் கடைகளிலும் தட்டச்சு நிலையங்களிலும் பழைய எழுத்துருக்கள் தொடர்கின்றன.

ஹவுயின் மேடெழுத்தும் இன்றைய படச் செய்தியும் ஒரே வகை. செய்கிறவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது, படிக்க வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருபவை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், வங்கிக் கேஒய்சி தொடர்பான வழக்கில், இணைய வழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது.

நம் சங்கம் செய்யக்கூடியவை

செலவில்லாத சில வேலைகளைச் சொல்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் பேசி முடிவெடுக்கலாம்.

1. குடிநீர் வரும் நேரம், மின்தடை, சந்தா பாக்கி, கூட்ட நாள் எதுவானாலும் படத்தோடு அதே விவரத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவது.

2. வரவு செலவுக் கணக்கைப் படமாக எடுக்காமல், எக்செல் அல்லது வேர்டு கோப்பாகவே கொடுப்பது. தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், வேர்டில் உள்ள தலைப்பு வசதியால் அமைப்பது. திரை வாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போக அது உதவும்.

3. குழுவில் விழாப் படங்கள் போடும்போது படத்தில் யார், என்ன என்று ஒரு வரி சேர்ப்பது.

4. காணொளிகளில் பேச்சை எழுத்தாகவும் கொடுப்பது. காது கேளாதவர்களுக்கும், வயதால் செவித்திறன் குறைந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது பயன்படும்.

5. பாக்கி உள்ளவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்குப் பச்சை என்று நிறத்தால் மட்டும் காட்டாமல், பாக்கி என்று எழுதியும் விடுவது.

6. உறுப்பினர் படிவத்தை அச்செடுத்துக் கையால் நிரப்பு என்று விடாமல், கைப்பேசியிலேயே நிரப்பி அனுப்பும்படி செய்வது. படிக்க மட்டும் கொடுத்து எழுத வழி விடாதது ஹவுய் பள்ளியின் குறை. அது நம் சங்கத்தில் வேண்டாம்.

7. இவற்றைச் செய்த பிறகு, பயன்படுத்துகிறவரிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வது. லூயி 1829க்கும் 1837க்கும் இடையே செய்தது அதைத்தான்.

இந்த வசதிகள் நமக்கும் நாளை தேவைப்படலாம். சர்க்கரை நோயாலும் கண் நீர் அழுத்த நோயாலும் அறுபதுக்கு மேல் பார்வை மங்குபவர்கள் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். சந்தா ரசீதையும் கூட்ட முடிவையும் பேரப்பிள்ளை வந்து படித்துக் காட்டட்டும் என்று காத்திராமல், தாமே கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு மனிதரின் மரியாதை சார்ந்த விஷயம். கூவ்ரே ஊர்ப் பள்ளியில் மற்றவர்கள் புத்தகம் திறக்கும்போது சும்மா இருந்த பையன் தனக்கு வேண்டும் என்று தேடியதும் அதுவே.

உங்கள் வீட்டில் யாருக்காவது திரை வாசிப்பானைக் கைப்பேசியில் இயக்கிக் கொடுக்க உதவி தேவைப்பட்டால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். நம் இளைஞர்கள் வீட்டுக்கே வந்து செய்து தருவார்கள்.